மூன்றாவது பொட்டலம்

“நாம ஒண்ணு நெனச்சா தெய்வம் ஒண்ணு நெனைக்கும்” என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும். சாவு வீட்டில் சொன்னால் பொறுத்துக்கொள்வேன். வேறு எங்கே சொன்னாலும் எழுந்து போய்விடுவேன். மரியாதை தெரியாதவள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை என்னிடம்தான் சொல்வார்கள். தம்பியிடம் சொல்லி நான் கேட்டதே இல்லை.

அப்பாவுக்கு, நாங்கள் குடியிருந்த கணபதியில் ஒரு லேத் பட்டறை இருந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஏதாவது ஒரு மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். கரண்ட் போனால்தான் பக்கத்து வீட்டுக் குழந்தை அழுவது கேட்கும். எங்களுடையது ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஷெட். உள்ளே இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின். பம்ப்செட் கம்பெனிகள் இரும்புக் கம்பிகளை அனுப்பும். அவற்றைக் கடைந்து மோட்டாருக்கான ஷாஃப்ட்டாக்கித் திருப்பி அனுப்புவோம். அதில் பேரிங் உட்காருகிற இடம்தான் உயிர். மயிரிழை கூடினால் பேரிங் ஏறாது, மயிரிழை குறைந்தால் ஆடும். மைக்ரோமீட்டரில் பிடித்துப் பார்த்து “சரி” என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் அப்பா. அவர் சரி என்று சொன்ன சரக்கைக் கம்பெனிக்காரர்கள் மறுபடி அளக்காமல் ஏற்றிக்கொண்டு போவார்கள். அது அவருக்குப் பெரிய பெருமை.

அப்பா திட்டக்காரர். வாசலில் வேப்பங்கன்று நட்டபோதே, “இது தம்பி கட்டற ஊட்டுக்கு வாசக்கால் நெலவுக்கு ஆகும்” என்றார். தம்பி அப்போது சட்டை போடாமல் தெருவில் ஓடிக்கொண்டிருந்தான். அவன் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்துப் பட்டறைக்கு வரவேண்டும், மூன்றாவது லேத் வாங்க வேண்டும், பின்பக்கம் ஷெட்டை இழுத்துக் கட்ட வேண்டும் என்று எல்லாம் முடிவாகியிருந்தது. என்னைப் பற்றியும் முடிவாகியிருந்தது. பி.காம். படிப்பேன், அதற்குள் ஒரு வரன் தகைந்துவிடும்.

நானும் சும்மா இருக்கவில்லை. அப்பாவின் மகள்தானே, எனக்கும் ஒரு திட்டம் இருந்தது. பேங்க் பரீட்சை எழுதி வேலைக்குப் போவது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, ஃபேன் காற்றில், நகத்தில் அழுக்குப் படாத வேலை. இரண்டு வருடம் அதற்காகப் படித்தேன். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன். சென்னையில் நேர்முகத் தேர்வுக்கு வரச்சொல்லி அழைப்பும் வந்தது. ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று.

அந்த வாரம்தான் அப்பாவின் இடது கண்ணுக்குள் ரத்தம் கசிந்தது. சர்க்கரை நோயைப் பல வருடம் கவனிக்காமல் விட்டதன் பலன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், “என்ன இது, கறுப்பா நூலு நூலா ஓடுது?” என்றார். ஆஸ்பத்திரியில் லேசர் வைத்தார்கள். இடது கண் இனித் தேறாது, வலது கண்ணையும் ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். தம்பிக்கு அது பரீட்சை சமயம். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் எந்தக் கவுண்டர் எங்கே என்று தெரியாது. ஆகவே நான் சென்னைக்குப் போகவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து அம்மா என் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்: “நாம ஒண்ணு நெனச்சா தெய்வம் ஒண்ணு நெனைக்குது கண்ணு. வந்ததை ஏத்துக்கோணும். எல்லாம் ஒரு நல்லதுக்குத்தான்.”

சரி என்று ஏற்றுக்கொண்டேன். இரண்டு நாள் அழுதேன், மூன்றாம் நாள் பட்டறைக்குப் போனேன். அப்பாவுக்குத் துணையாகக் கொஞ்ச நாள், அவர் தேறியதும் அடுத்த பேங்க் பரீட்சை என்றுதான் போனேன். அங்கேதான் நான் நினைக்காத ஒன்று நடந்தது. எனக்கு அந்த வேலை பிடித்துப்போய்விட்டது.

இதை எப்படிச் சொல்வதென்று இன்றும் தெரியவில்லை. எண்ணெய் நாற்றமும் இரும்புச் சுருளுமாக இருக்கும் இடம் அது. முதல் வாரத்திலேயே செருப்பைத் துளைத்துக்கொண்டு ஒரு சுருள் குதிகாலில் ஏறியது. ஆனால் மைக்ரோமீட்டரைக் கையில் வாங்கி, திருகி, அது ‘டிக்’கென்று நழுவுகிற இடத்தில் நிறுத்தி, அளவைப் படித்தபோது எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அதில் சமாதானம் சொல்லி ஏமாற்ற முடியாது. சரி என்றால் சரி, தப்பு என்றால் தப்பு. எங்கள் வீட்டில் அப்படி ஒரு பேச்சையே நான் அதுவரை கேட்டதில்லை. ஆறு மாதத்தில் லேத்தில் கம்பியைப் பூட்டி ஜாப் கட்டக் கற்றுக்கொண்டேன். பேங்க் பரீட்சைப் புத்தகங்களைப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன்.

கோட்டைமேட்டிலிருந்து சைக்கிளில் வந்து லேத் ஓட்டுகிற ஒரு டர்னர் எங்களிடம் இருந்தார். எல்லோருக்கும் அவர் பாய். “பாப்பா, ரீடிங் சொல்லுங்க” என்று என்னைத்தான் கூப்பிடுவார். ஏனென்றால் அதற்குள் அப்பாவால் மைக்ரோமீட்டரைப் படிக்க முடியாமல் போயிருந்தது. வலது கண்ணும் மங்கிவிட்டது. ஆள் வருவது தெரியும், நிறம் தெரியும். எழுத்தும் கோடும் தெரியாது.

இது எங்கள் நால்வருக்கும் பாய்க்கும் மட்டும் தெரிந்த விஷயம். வெளியே யாருக்கும் தெரியக்கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. கம்பெனியிலிருந்து சூப்பர்வைசர் வரும் நாளில் ஒரு நாடகமே நடக்கும். நான் முன்கூட்டியே எல்லா ஷாஃப்ட்டையும் அளந்து அப்பாவின் காதில் சொல்லிவிட வேண்டும். அவர் மனப்பாடம் பண்ணிக்கொள்வார். அவருக்கு அபார ஞாபகசக்தி. சூப்பர்வைசர் வந்ததும் நான் பின்னால் சாமான் அறைக்குப் போய் நின்றுகொள்ள வேண்டும். அப்பா மைக்ரோமீட்டரை முகத்துக்கு நேரே தூக்கி, கண்ணைச் சுருக்கி, நான் சொன்ன அளவை அவரே பார்த்ததுபோலச் சொல்வார். சூப்பர்வைசர் தலையாட்டுவார். நான் உள்ளே கிரீஸ் டப்பாவுக்கும் சாக்கு மூட்டைக்கும் நடுவில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். முதலில் பாவமாக இருந்தது. அப்புறம் எரிச்சலாக இருந்தது. ஒருமுறை அந்த மனிதர், “உங்க கண்ணே கண்ணுங்க” என்றார். அப்பா சிரித்தார். எனக்கு வெளியே வந்து கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை.

தம்பி டிப்ளமோ முடித்தான். முடித்த கையோடு திருப்பூர் போய், கூடப் படித்தவர்களோடு சேர்ந்து பனியன் தொழிலில் இறங்கினான். அப்போது திருப்பூரில் எல்லோரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இடுப்பில் பேஜரோடு வந்து, “அப்பா, எனக்கு இந்த எண்ணெ நாத்தமே ஆகாதுங்க. இது என்னோட லைன் இல்லீங்க” என்றான்.

இருபது வருடத் திட்டம் சாப்பாட்டுத் தட்டு முன்னால் உடைந்து விழுந்தது. வீடு இடிந்துவிடும் என்று பயந்தேன். ஒன்றும் இடியவில்லை. அப்பா கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தார். பிறகு, “காலம் மாறுது. பசங்களுக்கு ஒரு தகிரியம் வேணுமில்ல. நாமதான் வளைஞ்சு குடுக்கோணும்” என்றார். அம்மா அவனுக்கு இன்னும் ஒரு கரண்டி நெய் ஊற்றினார். பார்த்துக்கொண்டே இருந்தேன். எதிர்பாராதது வந்து நின்றால் அதைக் கும்பிட வேண்டும் என்பதில் இவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. அது யார் உருவத்தில் வருகிறது என்று மட்டும் பார்த்துக்கொள்வார்கள்.

அடுத்த வாரமே அன்னூரிலிருந்து மாமா வந்தார். அம்மாவின் தம்பி. நிலபுலன் உள்ளவர். கிணற்றில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போக, இனி விவசாயத்தை நம்பிப் பயனில்லை, ஒரு தொழிலில் இறங்க வேண்டும் என்று அலைந்துகொண்டிருந்தார். பட்டறையை அவர் வாங்கிக்கொள்வது, அப்பா இரண்டு வருடம் கூட இருந்து மாமாவுக்கும் அவர் மகனுக்கும் தொழிலைப் பழக்கிக் கொடுப்பது என்று பேச்சு ஆரம்பித்தது. அம்மாவுக்கு வாயெல்லாம் பல். பொருள் பிறந்த வீட்டுக்குள்ளேயே போகிறதல்லவா.

“மெஷினோட என்னையும் ஒட்டுக்கா வித்துபோடாதீங்க பாப்பா” என்றார் பாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், சொல்லிவிட்டு லேத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று மாலை அப்பாவிடம் கேட்டேன். “நான் நடத்தறனுங்க அப்பா. இப்பவும் நான்தானே நடத்திட்டிருக்கறேன்.”

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. பச்சைக் குழந்தை நிலாவைக் கேட்டதுபோலச் சிரித்தார். “நீ நாளைக்கு கண்ணாலம் கட்டிப் போறவ கண்ணு. உன்னை நம்பி எப்படி அம்மணி ஒரு தொழிலை உடறது?” என்றார். நேற்றுத்தான் தம்பியை நம்பி இருபது வருடம் காத்திருந்து ஏமாந்த மனிதர் இதைச் சொன்னார்.

இருந்தாலும் அப்பாவுக்கு மனசு ஆறவில்லை. தம்பிக்குத் திருப்பூர் சலித்துப்போய் ஒருநாள் திரும்பி வருவான் என்ற நப்பாசை உள்ளே கிடந்தது. விற்கலாமா, பூட்டி வைத்துக் காத்திருக்கலாமா என்று இரண்டு மனம். அம்மா சொன்னார், “கோயிலுக்குப் போயி பூ போட்டுப் பார்த்துப்போடலாமுங்க. சாமி சொல்றபடி ஆகட்டும்.”

எங்கள் பக்கத்தில் அது வழக்கம். வரன் பார்ப்பதானாலும், கிணறு வெட்டுவதானாலும், குலதெய்வத்தின் முன்னால் பூ போட்டுக் கேட்காமல் செய்யமாட்டார்கள். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. தனித்தனியாக இலையில் மடித்து நூல் சுற்றி, ஒரே மாதிரி இரண்டு பொட்டலம். வெள்ளை வந்தால் இன்னது, சிவப்பு வந்தால் இன்னது என்று மனசில் வைத்துக்கொண்டு சாமி காலடியில் போட்டுவிடுவார்கள். விவரம் அறியாத ஒரு சிறு பெண்ணைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். எடுத்ததுதான் உத்தரவு. அப்புறம் மறுபேச்சு கிடையாது.

ஊர்க்காரர்கள் இதைப் பற்றிப் பேசும்போது பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் அம்மன் கையில் விட்டுவிட்டோம், இனி நம்முடையது என்று எதுவும் இல்லை என்று கண் கலங்குவார்கள். எனக்கும் ரொம்ப நாள் அந்த நம்பிக்கை இருந்தது. பட்டறைக்காகப் பூ போடப் போன ஞாயிற்றுக்கிழமைதான் அதிலுள்ள சூது புரிந்தது.

திருப்பூரிலிருந்து வந்திருந்த தம்பியையும் சேர்த்து, மாமாவின் காரில் ஐந்து பேரும் போனோம். அன்னூரைத் தாண்டி, சோளக்காடுகளுக்கு நடுவில், நான்கு வேப்பமரமும் ஒரு சின்னக் கோபுரமுமாக இருக்கும் கோயில். பொங்கல் வைத்தோம். பூசாரி தீபாராதனை காட்டிவிட்டு, பூவரச இலையைக் கிழித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எடுப்பதற்கு அவருடைய பேத்தியே வந்து நின்றாள். முன்பல் விழுந்த சின்னப் பெண்.

“என்ன நெனச்சு போடறீங்க?” என்று பூசாரி கேட்டார்.

“வெள்ளை வந்தா பட்டறையப் பூட்டி, பையன் வர்ற வரைக்கும் வெச்சிருக்கறதுங்க. செவப்பு வந்தா மாப்ளைக்குக் குடுத்துபோடறதுங்க” என்றார் அப்பா, கையைக் கட்டிக்கொண்டு.

பூசாரி நந்தியாவட்டையை ஒரு இலையில் வைத்தார். செவ்வரளியை ஒரு இலையில் வைத்தார். அவர் நூலைத் தேடுகிற நேரத்தில் எனக்கு ஒரு வெளிச்சம் வந்தது. வெள்ளையும் அப்பா நினைத்ததுதான், சிவப்பும் அப்பா நினைத்ததுதான். எது வந்தாலும் இவர்கள் நினைத்தது மட்டும்தான் வரும். இதில் தெய்வம் நினைப்பதற்கு இடம் எங்கே இருக்கிறது? கேள்வியையும் இவர்களே எழுதி, இரண்டு பதிலையும் இவர்களே எழுதி, சும்மா கையெழுத்துப் போடச் சொல்லி அவள் முன்னால் நீட்டுகிறார்கள். நான் அந்த இரண்டு இலையில் எதிலும் இல்லை. ஒரு வருடமாக அந்தப் பட்டறையை மூச்சு விடவைத்துக்கொண்டிருப்பவள் நான்.

“மஞ்சளும் ஒண்ணு போடுங்க” என்றேன்.

பூசாரி நிமிர்ந்து பார்த்தார். மாமா, “அதென்ன அம்மணி மஞ்சளு?” என்றார்.

“மஞ்ச வந்தா பட்டறைய நான் நடத்தறதுங்க மாமா.”

மாமா சிரித்தார். தம்பியும் சிரித்தான். அம்மா என் முழங்கையைக் கிள்ளினார். “மூணு போடற வழக்கம் இல்லீங்களே” என்று பூசாரி இழுத்தார். நான் நகரவில்லை. “சாமிக்கு ரெண்டுக்கு மேல எண்ணத் தெரியாதுங்களா?” என்று கேட்டேன். இப்படிப் பேசியதற்காக அம்மா அன்றிரவு சுற்றிப் போட்டார் என்பது வேறு விஷயம்.

அப்பாதான் கடைசியில், “போச்சாது, போடுங்க. புள்ள ஆசைக்கு ஒண்ணு கெடக்கட்டும். வரவா போகுது” என்றார்.

சாமி கழுத்து மாலையிலிருந்து ஒரு செண்டுமல்லியைப் பிய்த்து நானே இலையில் மடித்தேன். மூன்று பொட்டலத்தையும் பூசாரி தட்டில் குலுக்கிக் காலடியில் கொட்டினார். சின்னப் பெண் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. குனிந்து ஒன்றை எடுத்துத் தாத்தா கையில் கொடுத்துவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

பூசாரி நூலைப் பிரித்தார். மஞ்சள்.

வாழ்க்கையில் முதல்முறையாக நான் அன்று அந்தச் சாமியை மனசாரக் கும்பிட்டேன். கண்ணைத் திறந்து பார்த்தால் வேறு யாரும் கும்பிடவில்லை. மாமா வேட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தார். அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா தொண்டையைச் செருமினார்.

“செண்டுமல்லி பெரிய பூவு. பொட்டலம் குண்டா இருந்துச்சு. புள்ள பெருசு பாத்து எடுத்துருச்சு, பாவம், அதுக்கென்ன தெரியும்? வழக்கப்படி ரெண்டே போடுங்க” என்றார்.

“சாமி ஒருக்கா குடுத்த பொறவு…” என்று பூசாரி தயங்கினார். அம்மா தட்சிணைத் தட்டை மெதுவாக அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். அவர் மறுபடி இலையைக் கிழித்தார்.

இரண்டு பொட்டலம். சின்னப் பெண் குனிந்தாள். சிவப்பு வந்தது.

அப்போது எல்லோரும் கும்பிட்டார்கள். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். “சாமியே சொல்லீருச்சு” என்றார் மாமா, உணர்ச்சியில் குரல் உடைய. எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. அழுகை வரவில்லை. அழுகை வந்தால் என்னைச் சமாதானப்படுத்தி வண்டியில் ஏற்றிவிடுவார்கள் என்று தெரியும். வயிற்றிலிருந்து கிளம்பிய கோபம் அது, என் பாட்டியின் பாட்டி காலத்திலிருந்து சேர்த்து வைத்தது போல.

மாமா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். “ரெண்டு வருசம் நீங்க ஒட்டுக்கா இருந்தா போதுமுங்க மாமா. உங்க கையில புடிச்சு அளவு சொன்னா எந்தக் கம்பெனிக்காரன் மறுபேச்சு பேசப்போறான்? நான் வாங்கறதே அதை நம்பித்தானுங்க” என்றார்.

அப்பா, “அதுக்கென்ன மாப்ள, நானிருக்கறேன்” என்றார்.

“அப்பாவுக்கு அளவு தெரியாதுங்க மாமா” என்றேன்.

நான் நிறுத்தவில்லை. “ஒரு வருசமா அளவு பார்க்கறது நானுங்க. நான் பார்த்துச் சொல்லறதை அவரு கம்பெனிக்காரங்ககிட்டச் சொல்றாரு. ஒரு கண்ணு சுத்தமா போச்சு. இன்னொரு கண்ணுல கோடு தெரியாது, நம்பர் தெரியாது.”

“வாய மூடுடி!” என்றார் அம்மா.

மாமா என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைத்தான் பார்த்தார். எங்கள் ஊர்க்காரர்கள் யாரையும் முகத்துக்கு நேரே பொய்யர் என்று சொல்லமாட்டார்கள். கழுத்தை அறுப்பதானாலும் ‘ங்க’ போட்டுத்தான் அறுப்பார்கள். மாமா ரொம்பப் பணிவாகக் கேட்டார்: “மாமா, மணி என்ன ஆச்சுங்க?”

அப்பா கையைத் திருப்பி மணிக்கட்டைப் பார்த்தார். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். முள் ஓடுகிற சத்தம் எனக்கே கேட்பது போலிருந்தது.

“வெயிலப் பாத்தாத் தெரியலையா? மத்தியானம் ஆயிருச்சு” என்றார்.

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். ஓடிப்போய் அப்பாவின் கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. பிடிக்கவில்லை, சொன்னதைத் திரும்ப வாங்கவும் இல்லை. அன்று அதைச் சொன்னதற்காக இன்றுவரை நான் வருத்தப்பட்டதில்லை. அப்படி ஒரு இடத்தில், அப்படித்தான் சொல்லவேண்டும் என்ற நிலைமைக்கு என்னைத் தள்ளினார்களே, அதுதான் வருத்தம்.

மாமா பொங்கல் சாப்பிடாமல் அன்னூர் வீட்டுக்குப் போய்விட்டார். டிரைவர் எங்களைக் கணபதியில் இறக்கிவிட்டார். பட்டறையை வாங்கும் பேச்சு அத்தோடு முடிந்தது. மாமா அந்தப் பணத்தில் கருமத்தம்பட்டியில் தறி போட்டார் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

மறுநாள் காலை நான் வழக்கம்போலப் போய்ப் பட்டறையைத் திறந்தேன். யாரும் போ என்று சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அப்பா மாதக்கணக்கில் என்னோடு பேசவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், நான் இரண்டடி தள்ளி நிற்கும்போதே, “பாய், அவளைச் சொல்லச் சொல்லுங்க” என்பார். அடுத்தமுறை சூப்பர்வைசர் வந்தபோது நான் சாமான் அறைக்குப் போகவில்லை. மைக்ரோமீட்டரை எடுத்து அவர் முன்னாலேயே அளந்தேன். அவர் என்னையும் அப்பாவையும் மாறிமாறிப் பார்த்தார். அன்று எல்லா ஷாஃப்ட்டையும் தாமே மறுபடி அளந்தார். அளவு எல்லாம் சரியாக இருந்தது. அப்படியும் அந்தக் கம்பெனி எங்களுக்கு ஜாப் தருவதை நிறுத்திவிட்டது. இன்னொரு கம்பெனி தந்தது. பாய் இருந்தார், நான் இருந்தேன், லேத் ஓடியது.

வரன்கள் வந்தன. “பொண்ணு பட்டறைக்குப் போகுதாமே” என்று போயின. அதற்காக அம்மா அழுத அழுகை தனிக்கதை. கடைசியில், போனால் போகட்டும் என்ற ஒருவர் வந்தார். அதுவும் நான் திட்டம் போடாததுதான்.

இத்தனையையும் நான் தாங்கிக்கொண்டேன். இதற்கெல்லாம் வந்த கோபம் காலத்தோடு கொஞ்சம் ஆறியும் போனது. ஆறாத ஒன்று உண்டு.

மூன்றாவது லேத் வந்து சேர்ந்த வருடம். அப்பா அதற்குள் என்னோடு பேச ஆரம்பித்திருந்தார். பகலெல்லாம் பட்டறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அவருடைய பழைய சிநேகிதர் ஒருவர் விசாரிக்க வந்தார். உள்ளே நான் ஷாஃப்ட்டை அளந்துகொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு அப்பாவிடம், “பொம்பளப் புள்ளைகிட்ட தொழில ஒப்படைச்சுப்போட்டீங்க. பெரிய மனசுங்க உங்களுக்கு” என்றார்.

மைக்ரோமீட்டரைப் பிடித்த கை தானாக நின்றுவிட்டது. அப்பா என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். ஒரே ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தேன் என்பதை ஒளிப்பானேன்.

“என்ற மனசு என்னங்க இருக்குது?” என்றார் அப்பா. “கொலதெய்வத்துகிட்டப் பூ போட்டோமுங்க. மொதப் பூவே புள்ளை பேருக்குத்தான் வந்துச்சு. சாமி சொல்லிப்போட்ட பொறவு மறுபேச்சு ஏதுங்க?”

சிநேகிதர் கையெடுத்துக் கும்பிட்டார். நான் வெளியே வந்தேன்.

“அப்ப ரெண்டாவது எதுக்குங்கப்பா போட்டீங்க?” என்று கேட்டேன்.

அப்பா என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். அந்த முகத்தில் கள்ளம் இல்லை. ஆறாதது அதுதான்.

“எந்த ரெண்டாவது கண்ணு?” என்றார்.